பெயரில் இடம்பெறாத ஊர்: வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்குத் தீர்ப்பைக் குரோம்பேட்டையிலிருந்து வாசித்தல்

ஆய்வுச் சுருக்கம்

இந்தியச் சுற்றுச்சூழல் சட்ட வரலாற்றில் அடிப்படை ஆவணமாகக் கருதப்படுவது, வேலூர் குடிமக்கள் நல மன்றம் எதிர் இந்திய ஒன்றியம் என்னும் வழக்கில் உச்சநீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று வழங்கிய தீர்ப்பு. பாலாற்றங்கரையின் வேளாண் நிலங்களைக் காத்த தீர்ப்பாகவே அது பெரிதும் வாசிக்கப்படுகிறது. ஆனால் அதன் ஆணைகள் ஐந்து மாவட்டங்களுக்கு உரியவை. அவற்றுள் ஒன்று, பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் ஆகியவற்றை அன்று உள்ளடக்கியிருந்த செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம். தீர்ப்பை ஒரு பனுவலாகக் கொண்டு அதன் சான்றுரை, கோட்பாட்டுரை, ஆணையுரை ஆகிய மூன்று பகுதிகளுக்கு இடையிலான பொருத்தப்பாட்டையும் பொருந்தாமையையும் இக்கட்டுரை திறனாய்வு செய்கிறது. பாலாற்றில் மிகையாகத் தோன்றும் முன்னெச்சரிக்கைக் கோட்பாடு, சென்னையின் தென்புறநகரில்தான் தன் முழுப் பயனைப் பெறுகிறது என்பது கட்டுரையின் கருதுகோள்.

குறிச்சொற்கள்: அரசமைப்புச் சட்டம், உறுப்பு 21, தோல் பதனிடும் தொழில், குரோம்பேட்டை, முன்னெச்சரிக்கைக் கோட்பாடு, மெய்ப்பிக்கும் பொறுப்பு, இழப்பீடு.

முன்னுரை

ஒரு வழக்கு, அதனைத் தொடுத்தவரின் பெயரால் அழைக்கப்படுவது சட்ட உலகின் மரபு. அம்மரபு எளிமையானது, எனினும் முற்றிலும் தீங்கற்றது என்று சொல்லிவிட முடியாது. பெயர் நிலைபெறும்போது அது வழக்கின் எல்லையையும் வரைந்துவிடுகிறது. 1991ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டத்தின் 32ஆம் உறுப்பின்கீழ்ப் பொதுநல மனுவாகத் தொடங்கப்பட்ட வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்குக்கு இது நேர்ந்துள்ளது. சட்டக் கல்லூரிகளிலும் சுற்றுச்சூழல் பாடங்களிலும் அது 'வேலூர் வழக்கு' என்றே குறிப்பிடப்படுகிறது. வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை ஆகிய ஊர்களும் பாலாறும் உடனே நினைவுக்கு வருகின்றன.

தீர்ப்பின் ஆணைப் பகுதியோ வட ஆற்காடு அம்பேத்கர், ஈரோடு பெரியார், திண்டுக்கல் அண்ணா, திருச்சி, செங்கை எம்.ஜி.ஆர். என ஐந்து மாவட்டங்களைப் பெயர் சுட்டிக் கூறுகிறது. இம்மாவட்டங்களில் 584 தோல் பதனிடும் ஆலைகள் இருந்தன என்றும் அவற்றுள் 443 ஆலைகளே வாரியத்தின் இசைவு கோரி விண்ணப்பித்திருந்தன என்றும் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நீதிமன்றத்தில் தெரிவித்தது. ஐந்தாவதாகச் சுட்டப்பட்ட மாவட்டத்தின் நிலை, தீர்ப்பைப் பற்றிய உரையாடல்களில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. அவ்விடுபடலின் காரணத்தைத் தேடுவதும், அதனை நீக்கி வாசித்தால் தீர்ப்பின் பொருள் எவ்வாறு விரிகிறது என்று காண்பதும் இக்கட்டுரையின் நோக்கங்கள்.

ஐந்தாம் மாவட்டமும் குரோமியத்தின் பெயர்கொண்ட ஊரும்

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் செல்லும் புறநகர் இரயில் பாதையில், பல்லாவரத்திற்கும் தாம்பரம் சானடோரியத்திற்கும் இடையே உள்ளது குரோம்பேட்டை. ஒரு வேதிப்பொருளின் பெயரைத் தாங்கிய ஊர்கள் தமிழகத்தில் அரியவை. ஜி.ஏ. சேம்பர்ஸ் என்பவர் 1912இல் இங்கு நிறுவிய குரோம் லெதர் தொழிற்சாலையே இப்பெயருக்குக் காரணம். அவருடைய பெயர் இன்றும் அங்குள்ள ஒரு குடியிருப்பின் பெயரில் வாழ்கிறது.

குரோமியத் தோல் பதனிடும் முறை சென்னை மாகாணத்தில் வேரூன்றிய வரலாறு இந்த வாசிப்புக்கு இன்றியமையாதது. அதற்கு முன் இப்பகுதியின் தோல் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிடப்பட்டது. அதற்குப் பல வாரங்கள் தேவைப்பட்டன. குரோமிய உப்புகளோ அவ்வேலையை மிகக் குறுகிய காலத்தில் முடித்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் சென்னையில் இம்முறையைச் சோதித்தபோது, அவர் கருத்தில் கொண்ட பயன்களுள் ஒன்று, கிணற்றிலிருந்து கவலை பூட்டி நீர் இறைக்கும் தோல் சால். நீரில் எளிதில் அழுகாத தோல் உழவர்க்கு உதவும் என்பது எதிர்பார்ப்பு. கிணற்று நீரை மேலே கொணர்வதற்காக விரும்பப்பட்ட ஒரு நுட்பம், சில தலைமுறைகளுக்குள் கிணற்று நீரையே பயன்படுத்த இயலாததாக்கிற்று. நீரிறைப்போடு தொடங்கிய கதை நீரின் கேட்டில் வந்து நிற்பதைத் தொழில் வரலாறு பதிவு செய்துள்ளது.

பல்லாவரம், நாகல்கேணி, பம்மல் பகுதிகளில் ஆலைகள் பெருகின. நாகல்கேணி என்னும் ஊர்ப்பெயரிலேயே கேணி உள்ளது. பிற்காலத்தில் இப்பகுதியின் கிணற்று நீரைச் சோதித்த நிலவியல் ஆய்வுகள், உப்புச் செறிவும் குரோமியமும் பல இடங்களில் குடிநீர்த் தர வரம்பைக் கடந்திருப்பதைக் காட்டியுள்ளன. ஆயினும் இங்கு மாசுபட்ட நீரின்மேல் வாழ்ந்தவர்களுள் மிகப் பலர் நெல்லோ வாழையோ பயிரிட்ட உழவர்கள் அல்லர். ஆலைத் தொழிலாளர்கள், வாடகைக் குடித்தனக்காரர்கள், மனை வாங்கி வீடு கட்டிய நடுத்தர வருவாயினர் ஆகியோரே அவர்கள். இவ்வேறுபாடே பின்வரும் திறனாய்வின் அடிப்படை.

ஆட்சி எல்லைகளின் மாற்றமும் இங்குக் கருதத்தக்கது. தீர்ப்பு வெளிவந்த மறு ஆண்டே, 1997இல், செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம் காஞ்சிபுரம், திருவள்ளூர் என இரண்டாயிற்று. 2019இல் செங்கல்பட்டு தனி மாவட்டமாயிற்று. 2021 நவம்பரில் பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர் உள்ளிட்ட நகராட்சிகளும் பேரூராட்சிகளும் தாம்பரத்தோடு இணைக்கப்பட்டுத் தாம்பரம் மாநகராட்சி உருவாயிற்று. தீர்ப்பில் உள்ள பெயரை இன்றைய வரைபடத்தில் காண இயலாது. குரோம்பேட்டைவாசி ஒருவர் தீர்ப்பைப் படித்தால், அது தம் ஊரையும் குறிக்கிறது என்பதை உணரப் பழைய வரைபடம் ஒன்று அவருக்குத் தேவைப்படும்.

பனுவலின் மூன்று அடுக்குகள்

நீதியரசர்கள் குல்தீப் சிங், பைசான் உத்தீன், கே. வெங்கடசாமி ஆகியோர் அடங்கிய அமர்வின் இத்தீர்ப்பு மூன்று அடுக்குகளால் ஆனது. முதலாவது சான்றுரை. ஒரு கிலோ தோலைப் பதப்படுத்தச் சுமார் 35 லிட்டர் நீர் செலவாவதும், குரோமிய முறையில் ஏறத்தாழ 170 வகை வேதிப்பொருள்கள் பயன்படுவதும், தோல் தொழிற்பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் வேளாண் நிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்குத் தகுதியற்றதாகிவிட்டதும், திண்டுக்கல் வட்டாரத்தின் 13 ஊர்களில் ஆராயப்பட்ட 467 கிணறுகளுள் 350 கிணறுகள் கெட்டிருந்ததும் இப்பகுதியில் இடம்பெறுகின்றன.

இரண்டாவது கோட்பாட்டுரை. 1972ஆம் ஆண்டின் ஸ்டாக்ஹோம் மாநாட்டிலிருந்து 1987ஆம் ஆண்டின் பிரண்ட்லாண்ட் அறிக்கை வழியாக 1992ஆம் ஆண்டின் ரியோ மாநாடு வரை நீளும் நீடித்த வளர்ச்சிக் கருத்தாக்கத்தை நீதிமன்றம் ஏற்கிறது. முன்னெச்சரிக்கைக் கோட்பாடும், மாசுபடுத்தியவரே ஈடு செலுத்த வேண்டும் என்னும் கோட்பாடும் நாட்டின் சட்டத்தின் பகுதிகளே என அறிவிக்கிறது.

மூன்றாவது ஆணையுரை. 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டத்தின்கீழ், ஓய்வுபெற்ற உயர்நீதிமன்ற நீதிபதி தலைமையில் அதிகார அமைப்பு ஒன்றை ஏற்படுத்துமாறு நடுவணரசு பணிக்கப்படுகிறது. ஐந்து மாவட்ட ஆலைகள் ஒவ்வொன்றின்மீதும் 10,000 ரூபாய் மாசுத் தண்டம் விதிக்கப்படுகிறது. பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தையோ தனிச் சுத்திகரிப்பு ஏற்பாட்டையோ 1996 நவம்பர் 30க்குள் அமைக்கக் கெடு விதிக்கப்படுகிறது. மேற்பார்வையைத் தொடரும் பொறுப்பு சென்னை உயர்நீதிமன்றத்தின் தனி அமர்வுக்கு உரியதாகிறது.

இம்மூன்று அடுக்குகளும் ஒன்றோடொன்று முழுமையாகப் பொருந்துகின்றனவா என்பதே திறனாய்வாளர் கேட்க வேண்டிய வினா.

அரசமைப்பை வாசித்த முறை

கோட்பாட்டுரையின் வலிமை, அது அரசமைப்பின் சிதறிய உறுப்புகளை ஒருங்கே நிறுத்தியதில் உள்ளது. உயிர் வாழும் உரிமையைக் கூறும் உறுப்பு 21, பொதுச் சுகாதாரத்தை மேம்படுத்தும் அரசின் கடமையைக் கூறும் உறுப்பு 47, 1976ஆம் ஆண்டின் 42ஆம் திருத்தத்தால் சேர்ந்த உறுப்புகள் 48அ, 51அ(எ) ஆகியவை அடுத்தடுத்து வைக்கப்படுகின்றன. இவற்றுள் வழிகாட்டு நெறிகள் நீதிமன்றத்தால் நேரடியாகச் செயற்படுத்தத் தக்கன அல்ல என்பது உறுப்பு 37இன் விதி. அவற்றை உறுப்பு 21இன் பொருளை நிரப்பும் உரையாகக் கொண்டதன் மூலம், தடையை மீறாமலேயே அவற்றுக்கு உயிர் தரப்பட்டது.

இம்முறையை அமெரிக்க அனுபவத்தோடு ஒப்பிடுவது தெளிவு தரும். 1787ஆம் ஆண்டின் அமெரிக்க அரசமைப்பிலும் 1791ஆம் ஆண்டின் உரிமைச் சாசனத்திலும் இயற்கைச் சூழல் பற்றிய சொல் இல்லை. எழுதப்படாத உரிமையைப் பல திருத்தங்களை இணைத்து வாசித்துக் கண்டடையும் முறையை அந்நாட்டு உச்சநீதிமன்றம் 1965ஆம் ஆண்டின் கிரிஸ்வோல்டு வழக்கில் கையாண்டது. அங்கு எய்தப்பட்டது தனிமைக்கான உரிமை. இணைத்து வாசிக்கும் உத்தி இரு நாடுகளுக்கும் பொதுவானது. ஆனால் இந்திய நீதிபதிகளின் கையில் சூழல் பற்றி எழுதப்பட்ட உறுப்புகளே இருந்தன. அயர்லாந்தின் 1937ஆம் ஆண்டு அரசமைப்பைப் பின்பற்றி அமைந்த வழிகாட்டு நெறிகள் என்னும் பகுதி அதற்கு இடமளித்திருந்தது. எனவே இத்தீர்ப்பை நீதிமன்றத்தின் துணிவுக்கு மட்டுமே சான்றாகக் கொள்வது முழு உண்மையாகாது. எழுதப்பட்டும் உறங்கிக் கிடந்த சொற்களுக்கு விளைவை அளித்தது அது.

வலிமையின்மை வேறோரிடத்தில் வெளிப்படுகிறது. நீடித்த வளர்ச்சி பன்னாட்டு வழக்காற்றுச் சட்டத்தின் பகுதி என்று கூறும் தீர்ப்பு, அதன் கூறுகள் வல்லுநர்களால் இன்னும் இறுதிப்படுத்தப்படவில்லை என்பதையும் உடன் ஒப்புக்கொள்கிறது. வழக்காற்றுச் சட்டம் உள்நாட்டுச் சட்டத்தோடு முரண்படாதவரை அதன் பகுதியாகும் என்பதற்கு, ஏ.டி.எம். ஜபல்பூர் வழக்கில் நீதியரசர் எச்.ஆர். கன்னா கூறிய கருத்து உள்ளிட்ட சில மேற்கோள்கள் சுட்டப்படுகின்றன. நாடுகளின் நடைமுறையை ஆராய்ந்து வழக்காறு உண்டு என நிறுவும் படிநிலை மட்டும் தாண்டிச் செல்லப்படுகிறது. அரசமைப்பு உறுப்புகளே போதுமானவையாக இருக்க, பன்னாட்டு வழக்காற்றின் துணை இங்கு எதற்கு என்னும் ஐயம் எழுவது இயல்பு.

இன்னொரு குறைபாடும் சுட்டத் தக்கது. முன்னெச்சரிக்கைக் கோட்பாடு, தீங்கு நேருமா என்பது உறுதியாகத் தெரியாத நிலைக்கு உரியது. பாலாற்றிலோ தீங்கு நேர்ந்து முடிந்திருந்தது. அதன் காரணமும் மறைவாக இல்லை. அங்கு மாசுபடுத்தியவர் ஈடு செலுத்தும் கோட்பாடே போதுமானது. ஆகவே சான்றுரையை மட்டும் கொண்டு நோக்கினால், முன்னெச்சரிக்கைக் கோட்பாடு தேவைக்கு மிஞ்சிய அணியாகவே தோன்றும்.

இழப்பின் அளவுகோல்: நிலமா, ஆளா?

சான்றுரை காட்டும் இழப்பு பெரிதும் நிலத்தின் இழப்பு. ஹெக்டேர்களும் பாசனக் கிணறுகளும் அதன் அலகுகள். ஆணையுரையின் சொற்கள் அவ்வாறு குறுகியவை அல்ல. அதிகார அமைப்பு, சூழலுக்கு நேர்ந்த இழப்பையும், மாசினால் துன்புற்ற தனியாள்களையும் குடும்பங்களையும் இனங்காண வேண்டும். சூழலை மீட்பதற்கும் தனியாள்களுக்கு வழங்குவதற்கும் என ஈட்டை இரு தலைப்புகளில் கணக்கிட வேண்டும் என்று அது பணிக்கிறது. நில உரிமை உடையோர் என்னும் நிபந்தனை அங்கு இல்லை.

இவ்விடைவெளியின் முக்கியத்துவத்தை நியூயார்க் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1970இல் தீர்த்த பூமர் எதிர் அட்லாண்டிக் சிமெண்ட் நிறுவனம் வழக்கு விளக்கும். ஆல்பனி நகருக்கு அருகிலிருந்த சிமெண்ட் ஆலையின் தூசு, புகை, அதிர்வு ஆகியவற்றால் பாதிக்கப்பட்ட அண்டை நிலவுரிமையாளர்கள் ஆலைக்குத் தடை கோரினர். ஆலையில் முதலீடு 4.5 கோடி டாலர். வேலை செய்தோர் 300க்கும் மேற்பட்டவர்கள். நீதிமன்றம் ஆலையை மூடாமல், நிலங்களுக்கு நிலையான இழப்பீட்டைச் செலுத்தினால் அது தொடர்ந்து இயங்கலாம் என்றது. தொடரும் தீங்குக்கு விலை கொடுத்து உரிமம் பெறுவதாக இது ஆகிவிடும் என்று மாறுபட்ட தீர்ப்பெழுதிய நீதிபதி எச்சரித்தார். அவ்வழக்கில் இழப்பு நிலத்தின் மதிப்போடு பிணைக்கப்பட்டது. நிலமற்றவர் மூச்சில் ஏற்ற தூசு கணக்கில் வரவில்லை.

வேலூர்த் தீர்ப்பின் ஆணையுரை இக்குறுகலைத் தவிர்த்தது. அந்நியச் செலாவணியும் வேலைவாய்ப்பும் தரும் தொழில் என்பதை ஏற்றுக்கொண்டே, சூழலைக் கெடுக்கும் உரிமை அதற்கு இல்லை என்றது. ஈடு செலுத்தினால் மாசைத் தொடரலாம் என்னும் வாயிலை அது திறக்கவில்லை. எனினும் சிறிதும் பெரிதுமான எல்லா ஆலைகளுக்கும் ஒரே அளவாக 10,000 ரூபாய்த் தண்டம் விதித்தது, மாசின் அளவுக்கேற்ற பொறுப்பு என்னும் அதன் கோட்பாட்டோடே இயையவில்லை. பெரிய ஏற்றுமதி ஆலைக்கு அத்தொகை பொருட்டன்று. சிறு பட்டறைக்கு அது சுமை.

குரோம்பேட்டை வாசிப்பு

சான்றுரையின் அலகுகளைக் குரோம்பேட்டைக்குப் பொருத்தினால் அவை செயலிழக்கின்றன. விளைநிலம் மனையாக மாறிய ஊரில் பயிரிழப்பைக் கணக்கிட முடியாது. வாடகைக்கு வாழ்பவர் ஓராண்டில் வேறு தெருவுக்குப் போய்விடலாம். குடிக்கவும் குளிக்கவும் அவர் விலை கொடுத்து வாங்கிய தண்ணீர் லாரியின் செலவு எந்த நிலப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. ஆலைத் தொழிலாளியோ மாசினால் துன்புறுபவராகவும் மாசு தரும் தொழிலால் பிழைப்பவராகவும் ஒருசேர இருக்கிறார். ஆணையுரையின் 'தனியாள்கள், குடும்பங்கள்' என்னும் சொற்களே இவர்களை உள்ளே அழைக்க வல்லவை.

இங்கு ஒரு தடை எழுப்பப்படலாம். புறநகரின் நிலத்தடி நீர் தோல் ஆலைகளால் மட்டும் கெடுவதில்லை. பாதாளச் சாக்கடை இல்லாத தெருக்களின் கழிவுநீர்த் தொட்டிகள், பிற சிறு தொழில்கள், கட்டுமானப் பெருக்கம் ஆகியவையும் அதற்குக் காரணங்கள். இன்ன கிணற்றை இன்ன ஆலை கெடுத்தது என்று ஒரு குடித்தனக்காரரால் எவ்வாறு மெய்ப்பிக்க முடியும்? இத்தடை வலுவானது. கழிவுநீர்க் கசிவால் ஏறும் உப்பையும் நைட்ரேட்டையும் தோல் ஆலைகளின் கணக்கில் எழுதுவது அறமும் ஆகாது.

ஆனால் இத்தடைக்கான விடை தீர்ப்பினுள்ளேயே உள்ளது. முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டுக்கு நீதிமன்றம் வகுத்த மூன்று கூறுகளுள் கடைசியானது மெய்ப்பிக்கும் பொறுப்பைப் பற்றியது. தன் செயல் சூழலுக்குத் தீங்கற்றது என்று காட்டும் பொறுப்பு தொழில் நடத்துபவருடையது. அறிவியல் உறுதிப்பாடு இல்லாமையைக் காரணம் காட்டித் தடுப்பு நடவடிக்கையைத் தள்ளிப்போடக் கூடாது என்பது அதற்கு முந்தைய கூறு. காரணங்கள் கலந்து கிடக்கும் இடத்தில்தான் இவ்விரு கூறுகளும் தேவைப்படுகின்றன. குரோமியத்தைப் பொறுத்தவரை, அது வீட்டுக் கழிவுநீரின் இயல்பான உட்கூறு அன்று என்பதால், விளக்கம் தரும் பொறுப்பை அதைப் பயன்படுத்தும் தொழில்களிடம் வைப்பது நேர்மைக்கும் ஒத்தது.

எனவே முன்னர்ச் சுட்டிய குறைபாட்டை மறுபரிசீலனை செய்ய வேண்டியுள்ளது. பாலாற்றுச் சான்றுகளோடு மட்டும் சேர்த்து வாசிக்கும்போது அணியாகத் தோன்றும் முன்னெச்சரிக்கைக் கோட்பாடு, ஐந்தாம் மாவட்டத்தோடு சேர்த்து வாசிக்கும்போது ஆணையுரையின் அச்சாகிறது. சான்றுரை வேலூரையும் திண்டுக்கல்லையும் பற்றியது. கோட்பாட்டுரை குரோம்பேட்டைக்கும் தேவையானது. நீதிமன்றம் இவ்விணைப்பைத் தன் சொற்களில் விளக்காமல் விட்டது. விளக்கியிருந்தால் பின்வந்த வாசிப்புகள் ஐந்தாம் மாவட்டத்தைக் கைவிட்டிருக்க வாய்ப்பில்லை.

பின்தொடர்ச்சி

தீர்ப்பின் ஆணைப்படி அமைந்த சூழலிழப்பு (தடுப்பு மற்றும் இழப்பீடு வழங்கல்) அதிகார அமைப்பு, 2001இல் வேலூர் மாவட்ட உழவர்களுக்கான இழப்பீட்டை வரையறுத்தது. கால் நூற்றாண்டுக்குப் பின், 2025 ஜனவரி 30 அன்று, நீதியரசர்கள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் ஆகியோர் அடங்கிய உச்சநீதிமன்ற அமர்வு, வேலூர் மாவட்டச் சுற்றுச்சூழல் கண்காணிப்புக் குழுவின் வழக்கில் மீண்டும் இப்பொருளை எடுத்தது. இழப்பீடு பெறாத குடும்பங்களுக்கு ஆறு வாரங்களுக்குள் அரசே அதனை வழங்கி, பின்னர் மாசுபடுத்தியவர்களிடமிருந்து வசூலிக்க வேண்டும் என்றும், ஓய்வுபெற்ற உயர்நீதிமன்ற நீதிபதி தலைமையில் கண்காணிப்புக் குழு அமைய வேண்டும் என்றும் ஆணையிட்டது.

1996ஆம் ஆண்டின் சொற்கள் காகிதத்தில் உறங்கக் கூடாது என்னும் உறுதி இத்தீர்ப்பில் தெரிகிறது. அதே வேளையில், அதன் களமும் வேலூராகவே அமைந்தது. மனு அங்கிருந்து வந்ததால் அது இயல்பே. நீதிமன்றம் தன்முன் வராத வழக்கைத் தீர்க்க இயலாது. ஆயினும் 1996ஆம் ஆண்டு ஆணையின் எல்லை எவராலும் சுருக்கப்படவில்லை. அது சுருங்கியது வாசிப்பில் மட்டுமே.

முடிவுரை

வேலூர் குடிமக்கள் நல மன்றத் தீர்ப்பு, தன் சான்றுகளை விடவும் தன் பெயரை விடவும் பெரிய ஒரு பனுவல். அரசமைப்பின் உறுப்புகளை ஒருங்கிணைத்ததில் அது வலிமையுடையது. பன்னாட்டு வழக்காற்றை நிறுவியதிலும் ஒரே அளவான தண்டம் விதித்ததிலும் வலுவற்றது. மெய்ப்பிக்கும் பொறுப்பை இடம் மாற்றியதே அதன் நிலைத்த கொடை. அக்கொடையின் பயன் மிகுதியாகத் தேவைப்படுவது நிலப் பதிவேட்டில் பெயரில்லாத புறநகர்வாசிக்கு.

இவ்வாசிப்பிலிருந்து ஆய்வுலகம் மேற்கொள்ளத் தக்க பணிகள் இரண்டு. ஒன்று, ஐந்து மாவட்டங்களிலும் தீர்ப்பு செயற்படுத்தப்பட்ட விதத்தைத் தனித்தனியே ஒப்பிட்டு ஆராய்வது. மற்றொன்று, நிலமற்றோரின் நீரிழப்பைக் கணக்கிடுவதற்கான அளவுகோலை உருவாக்குவது. முன்னதற்கு ஆவணக் காப்பகங்களும் பின்னதற்குக் கள ஆய்வும் தேவை. தாம்பரம் மாநகராட்சி எல்லைக்குள் உள்ள கல்லூரிகளுக்கு இவ்விரு பணிகளுக்குமான களம் நடந்து செல்லும் தொலைவிலேயே உள்ளது. செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம் வரைபடத்திலிருந்து நீங்கிவிட்டது. அதன் பெயரால் இடப்பட்ட ஆணை நீங்கவில்லை.